ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? பெட்ரோலா, டீசலா, கேஸா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. டெல்டா கிராமங்கள் பலவற்றுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் மூன்றாம் நாளே பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அதனால்தான் மெஷின் விலையை விசாரிப்பதற்கு முன்னால் எரிபொருளை யோசியுங்கள் என்கிறேன்.

1. கணக்குப் போடுங்கள்

நாலு ஃபேன், ஃபிரிட்ஜ், சில விளக்குகள் என்றால் ஏறக்குறைய 500 வாட். ஒரு எச்பி தண்ணீர் மோட்டார் 746 வாட்தான், ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். மோட்டாரும் ஓட வேண்டுமென்றால் 3 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) மெஷின் பாருங்கள். அந்த அளவு பெட்ரோல் மெஷின் பாதி லோடில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். தினம் 8 மணி நேரம், ஐந்து நாள் என்றால் 40 லிட்டர்.

2. அதை எங்கே வைப்பீர்கள்?

முடிவு இங்கேதான் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருக்க 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த 30 லிட்டரையும் வீட்டுக்குள் வைக்க வேண்டாம். பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், ஒரு பொறி பட்டாலே அந்த ஆவி பற்றும்; டீசல் அவ்வளவு சீக்கிரம் பற்றாது. தவிர, இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும்; சில மாதம் கிடந்தால் கெட்டுப்போகும்.

3. இப்போது தேர்ந்தெடுங்கள்

எப்போதாவது இரண்டு மணி நேரம் கரண்ட் போகிற வீட்டுக்கு பெட்ரோல் போதும். மெஷின் சின்னது, விலையும் குறைவு.

கடை, கோழிப்பண்ணை, நாள் முழுக்க ஓட வேண்டிய இடம் என்றால் டீசல்தான். விலை அதிகம், கனமும் சத்தமும் அதிகம். ஆனால் அதே வேலைக்குக் குறைவாகக் குடிக்கும், நீண்ட நேரம் தாங்கும்.

கேஸ் எத்தனை மாதம் கிடந்தாலும் கெடாது. புயல் பாதைக்காரர்களுக்கு என் ஓட்டு பெட்ரோல், கேஸ் இரண்டிலும் ஓடும் மெஷினுக்கே. கேஸில் பவர் கொஞ்சம் குறையும், அதைக் கணக்கில் வையுங்கள். சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரை மாட்டக் கூடாது, 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் வாங்குங்கள். கசிந்த கேஸ் தரையோடு தங்கும் என்பதால் பள்ளமான இடத்தில் வைக்காதீர்கள்.

4. ஓட்டுவதற்கு முன்

எந்த எரிபொருளானாலும் மெஷின் வெளியில்தான், ஜன்னலுக்குத் தள்ளித்தான் நிற்க வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். எலக்ட்ரீஷியனை வைத்து, வீட்டை ஈபி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் மெஷினின் கரண்ட் ஈபி லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கும். எரிபொருள் ஊற்றுவது என்ஜின் ஆறிய பிறகு மட்டும்.

பெட்ரோல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வேலை முடிந்ததும் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடிவிட்டு, தானே அணையும்வரை என்ஜினை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்துவிடும். அடுத்த மழைக்கு இழுத்தால் ஸ்டார்ட் ஆகும்.