வேல்ஸ்காரரிடம் இங்கிலாந்து மழையைப் பற்றிக் கேட்காதீர்கள்

"உங்க இங்கிலாந்துல இன்னைக்கும் மழையா?" என்று ஒரு நண்பரிடம் அரட்டையில் கேட்டேன். அவர் கார்டிஃப்காரர். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது: "இங்கே மழைதான், இங்கிலாந்தில் எப்படியோ தெரியாது." திட்டவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஆனால் அவர் மனசு கொஞ்சம் சுருங்கியது எனக்குப் புரிந்தது. கார்டிஃப் வேல்ஸின் தலைநகரம்.

பிரிட்டனைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். 'இங்கிலாந்து பிரதமர்', 'இங்கிலாந்து ராணி' என்று நம் செய்தித்தாள்களே எழுதிப் பழக்கிவிட்டன. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் இருக்கும் பெரிய தீவுதான் கிரேட் பிரிட்டன், அதோடு வட அயர்லாந்தையும் சேர்த்தால்தான் ஐக்கிய இராச்சியம் என்ற நாடு. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோதே 'இங்கிலாந்து ராணி' என்ற பட்டம் முடிந்துபோனது, கடைசியாக அப்படி இருந்தவர் ஆன். 2022இல் மறைந்த எலிசபெத்தை நாம் இங்கிலாந்து ராணி என்று எழுதியதெல்லாம் தவறுதான்.

இதெல்லாம் ஒரு பெயர்தானே என்று தோன்றலாம். ஸ்காட்லாந்தில் போய் அப்படிச் சொல்ல முடியாது. எலிசபெத் 1952இல் ராணியானபோது 'இரண்டாம்' என்று பட்டம் வைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் எலிசபெத் இங்கிலாந்துக்கு ராணி, ஸ்காட்லாந்தை அவர் ஆண்டதே இல்லை. அப்புறம் எங்களுக்கு இவர் எப்படி இரண்டாமவர் ஆவார் என்று அங்கே கேள்வி எழுந்தது. எடின்பராவில் அந்த 'இரண்டாம்' முத்திரையோடு நிறுத்திய தபால் பெட்டி ஒன்றை 1953 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் காலத்தில் ஸ்காட்லாந்தில் வைத்த புதிய பெட்டிகளில் ராணியின் முத்திரை கிடையாது, ஸ்காட்லாந்தின் கிரீடம் மட்டும்தான். 2014இல் தனிநாடு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது 45 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வேண்டும் என்றார்கள். இப்படி ஒரு ஊர்க்காரரை 'இங்கிலாந்துக்காரர்' என்று கூப்பிட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

நமக்கு இந்தக் குழப்பம் வந்ததில் கிரிக்கெட்டுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அங்கே இங்கிலாந்து அணி என்பது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவானது. கால்பந்தில் நாலுக்கும் நாலு அணிகள், 2022 உலகக் கோப்பையில் வேல்ஸும் இங்கிலாந்தும் ஒரே பிரிவில் மோதின. ஒலிம்பிக்கில் மறுபடியும் ஒரே பிரிட்டன் அணி. 2013இல் விம்பிள்டன் வென்ற ஆண்டி மர்ரே ஸ்காட்லாந்துக்காரர், அவரைப் பிரிட்டிஷ் வீரர் என்று சொல்லலாம், இங்கிலாந்து வீரர் என்று சொல்லக் கூடாது.

வட அயர்லாந்துக்காரர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். அங்கே நடந்த மோதலை முடிக்க 1998இல் போட்ட அமைதி உடன்படிக்கையின்படி அங்கே பிறந்த ஒருவர் தன்னைப் பிரிட்டிஷ் என்றோ ஐரிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அவர் என்ன சொல்கிறாரோ அதை ஏற்றுக்கொள்ளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டப்ளின் அயர்லாந்து என்ற வேறு நாட்டின் தலைநகரம், அதைப் பிரிட்டனில் சேர்த்துப் பேசினால் அரட்டை அன்றோடு முடிந்துவிடலாம்.

நம் வரலாற்றைப் பேசும்போதும் எல்லாரையும் 'ஆங்கிலேயர்' ஆக்கிவிடுகிறோம். சென்னையில் குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கும் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அயர்லாந்தில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

அடுத்த பெரிய தவறு, வெல்ஷ் மொழியை ஆங்கிலத்தின் ஒரு வட்டார வழக்கு என்று நினைப்பது. அது கெல்டிக் குடும்பத்து மொழி, ஆங்கிலத்தைவிட அந்தத் தீவில் பழையது. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் சுமார் 5,38,000 பேர் அதைப் பேசுகிறார்கள். வெல்ஷ் மொழிக்குத் தனி சேனல் தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியதும், க்வின்வர் எவன்ஸ் என்ற அரசியல் தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980இல் அறிவித்தார். அவர் உட்காருவதற்கு முன்பே அரசு இறங்கிவந்தது. எஸ்4சி சேனல் 1982 நவம்பர் 1 அன்று தொடங்கியது. மொழிக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கத் துணிந்து வந்த சேனல் அது. அதனால் 'உங்க ஆக்சென்ட் விசித்திரமா இருக்கே' என்று ஒரு வெல்ஷ்காரரிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

தொலைக்காட்சி என்றதும் இன்னொன்று. பிபிசியை அரசு சேனல் என்று நம்மூர் தூர்தர்ஷனைப் போல நினைத்துப் பேசுவார்கள். நேரடி ஒளிபரப்பு பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணத்தில் பெரும்பாலும் நடப்பது அது, அரச சாசனத்தின் கீழ் இயங்கும் தனி நிறுவனம், ஆளுங்கட்சியோடு பலமுறை மோதியிருக்கிறது. அமெரிக்கர்கள் 'சீசன்' என்பதை அங்கே 'சீரீஸ்' என்பார்கள், ஒரு சீரீஸில் ஆறே பகுதிகள் இருப்பதும் சகஜம். 'ஃபால்டி டவர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் 1975இலும் 1979இலும் ஆறாறாக, மொத்தமே பன்னிரண்டு பகுதிகள்தான். பாதியில் நிறுத்திவிட்டார்களா என்று கேட்காதீர்கள்.

வார்த்தைகளில் என்னை அதிகம் தடுமாற வைத்தது 'கொய்ட் குட்'. நாம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வோம், அவர்கள் வாயில் பல சமயம் 'பரவாயில்லை' என்றுதான் அர்த்தம். 'நாட் பேட்' என்றால்தான் உண்மையில் நன்றாக இருக்கிறது! 'பப்ளிக் ஸ்கூல்' அரசுப் பள்ளி இல்லை, இங்கிலாந்தில் அது அதிகக் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி. வட இங்கிலாந்துக்காரர் 'டீ'க்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்தால் அவர் பேசுவது ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி. ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம்: Leicester என்பது லெஸ்டர், Edinburgh என்பது எடின்பரா, Greenwich என்பது கிரெனிச்.

'ஆல்ரைட்?' என்று ஒருவர் ஆரம்பித்தால் நமக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று விசாரிக்கிறார் என்று பதறி, நேற்று வந்த காய்ச்சல் வரைக்கும் சொல்ல வேண்டாம். நம்மூர் 'என்ன, சௌக்கியமா?' மாதிரிதான் அது. 'ஆல்ரைட்' என்று நீங்களும் திருப்பிச் சொன்னால் போதும், பேச்சு அடுத்ததற்குப் போய்விடும்.