புறாமலைக்குப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

திருகோணமலையின் நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர்தான் புறாமலைத் தீவு. கிட்டத்தானே என்று பதினொரு மணிக்கு ஆறுதலாகப் படகு ஏறுவதுதான் பலர் விடும் முதல் பிழை. காலையில் சனம் குறைவு, தண்ணீரும் தெளிவு. காற்று எழும்பிவிட்டால் அடியில் ஒன்றும் தெரியாது. மே முதல் செப்டெம்பர் வரைதான் இந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். மாரியில் வந்து படகுக்காரரை வற்புறுத்தாதீர்கள்.

ஆனால் உண்மையில் மனம் நோகச் செய்யும் பிழை தண்ணீருக்குள்தான் நடக்கிறது. நீந்திக் களைத்தவர்கள் காலில் தட்டுப்படும் முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் ஏறி நிற்கிறார்கள். அதன் மேற்பரப்பு முழுவதும் சின்னஞ்சிறு உயிர்கள். மான்கொம்பு போலக் கிளைவிட்ட வகை ஒரே மிதியில் முறியும். உருண்டையாக வளரும் வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் பெரிதாகும். இடுப்பளவு உயர்ந்த ஒன்று உங்களை விட மூத்ததாக இருக்கலாம். உங்கள் காலிலும் வெட்டும், அந்தக் காயம் இலகுவில் ஆறாது. நன்றாக நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். களைத்தால் அப்படியே மல்லாந்து மிதக்கலாம்.

கரையில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உடைந்த துண்டுகளில் ஒன்றைப் பையில் போடவும் கூடாது. 2003இல் இருந்து இது தேசியப் பூங்கா. அந்தத் துண்டுகள் கூர்மையானவை, செருப்பில்லாமல் நடக்க ஏலாது.

முழங்கால் தண்ணீரிலேயே செட்டையின் நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் வரும். கத்தவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அசையாமல் நின்றால் அவை தம் பாட்டில் போய்விடும். ஆமையைக் கண்டால் மேலே வர வழி விடுங்கள், அது மூச்செடுக்க வேண்டும்.

சன் கிரீமை அள்ளிப் பூசிக்கொண்டு இறங்குவதும் நல்லதல்ல. அமெரிக்காவின் ஹவாயில், முருகைக்கல்லுக்குக் கேடு என்று ஆக்சிபென்சோன் என்ற இரசாயனம் கலந்த கிரீம்களின் விற்பனையை 2021 முதல் தடைசெய்திருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை ஒன்று போதும்.

அப்புறம், இதே பயணத்தில் பலர் எட்டிப் பார்க்கும் கன்னியா வெந்நீரூற்று. சூட்டைப் பார்த்து அடியில் எரிமலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். நிலத்தடி நீர் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, பாறை வெடிப்புகளால் மேலே வருகிறது, அவ்வளவுதான். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இருக்காது, முதலில் கையில் ஊற்றிப் பாருங்கள்.

கோணேசர் கோயிலைப் பின்னேரத்துக்கு வையுங்கள். மத்தியான வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஈர உடுப்போடு உள்ளே போகாமல், மாற்றுடுப்பைக் காலையிலேயே எடுத்து வையுங்கள்.