செயின் பல்லுத் தாண்டினால்

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் ஒழுங்கையில் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கேக்க, என்ர மவுண்டன் சைக்கிள் செயின் பல்லுத் தாண்டத் தொடங்கிச்சு. கியர் கேபிளை இறுக்கியும் சரிவரேல்லை. பிறகுதான் செயினை அடிமட்டம் வைச்சு அளந்தன். புதுச் செயினில் 24 கண்ணி சரியா 12 அங்குலம். தேய்ஞ்சு நீண்டு அது 1/16 அங்குலம் கூடினால் செயினை மட்டும் மாத்தினால் பெரும்பாலும் காணும். என்ரது 1/8 கூடிட்டுது; பின்சில்லில் செயின் ஓடுற பல்சக்கரமான பிறீவீலின்ர பல்லும் தேய்ஞ்சு கூராயிட்டுது. ரெண்டையும் மாத்தினன், தாண்டல் நிண்டிட்டுது.

வன்னிச் செம்புழுதிக்குத் தடிச்ச எஞ்சின் ஒயில் வேண்டவே வேண்டாம். புழுதியைப் பிடிச்சு அரம்மாதிரி ராவும். செயினை மண்ணெண்ணெயில் கழுவி, நல்லாக் காயவிட்டு, அதின்ர ஒவ்வொரு உருளைக்கும் மெல்லிய சைக்கிள் ஒயில் ஒரு துளி. வெளிப்பக்கத்தைச் சீலையால் துடைச்சுவிடுங்கோ. மாரியில் சேறு பட்டால் அண்டைக்கே கழுவிப்போட்டுத் திரும்ப ஒயில் விடுங்கோ.