உயர்விலை ஸ்மார்ட்போனை வளரும் சந்தையில் அறிமுகப்படுத்துவது எப்படி: தேதியைக் கடைசியாகக் குறியுங்கள்

வளரும் நாடொன்றில் உயர்விலை ஸ்மார்ட்போனை விற்பனைக்குக் கொண்டுவரும் குழுக்கள் பெரும்பாலும் அறிமுக நாளைத்தான் முதலில் குறிக்கின்றன. அரங்கம் பதிவாகிறது, விளம்பரப் படம் தயாராகிறது. உடைந்த திரையை யார், எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்ற கேள்வி மட்டும் கடைசிவரை தள்ளிப்போகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இத்தகைய சந்தையில் வாங்குவோர் பலருக்கு அந்த போன் பல மாத வருமானம். 18 மாதத் தவணையில் வாங்கிய போன் நான்காம் தவணை முடிந்ததும் கைநழுவி உடைந்துவிட்டால், மீதி 14 தவணைகளையும் அவர் உடைந்த போனுக்காகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

போன் கடை ஒன்றில் கால் மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். வாங்க வந்தவர் போனைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார், விளிம்பைத் தடவுவார், உடன் வந்தவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு, "டிஸ்பிளே போனா மாத்த எவ்வளவு ஆகும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். தொகை, சர்வீஸ் சென்டர் இருக்கும் இடம், ஆகும் நாட்கள் ஆகியவற்றை விற்பனையாளர் தயங்காமல் சொல்லிவிட்டால் பேச்சு தவணைக்கு நகரும். "கேட்டுச் சொல்றேன் சார்" என்று பதில் வந்தால் போன் மேசைக்குத் திரும்பிவிடும். ஆகவே திரை, பேட்டரி, பின்பக்கக் கண்ணாடி, சார்ஜிங் பகுதி ஆகிய உதிரிபாகங்கள், முதல் போன் விற்பதற்கு முன்பே அந்த நாட்டுக் கிடங்கில் இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் இல்லாத ஊர்களுக்கு, வீட்டிலிருந்து எடுத்துச்சென்று சரிசெய்து திருப்பித் தரும் ஏற்பாடு வேண்டும். பழுதுபார்ப்புக் கட்டணப் பட்டியலைக் கடையிலேயே ஒட்டிவையுங்கள். அது விற்பனையைக் கெடுக்கும் என்ற அச்சம் தேவையற்றது.

அடுத்தது அரசின் அனுமதிகள். இவற்றுக்கு ஆகும் காலத்தைக் குறைத்து மதிப்பிட்டு அவதிப்படுவோர் பலர். இந்தியாவில் போன், பேட்டரி, சார்ஜர் ஆகிய மூன்றுக்கும் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு தேவை. பெட்டியின் மேல் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். பிரேசிலில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அனாடெல் அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் விற்க முடியாது. பெட்டியில் சார்ஜர் இல்லை என்ற காரணத்துக்காகவே அந்நாட்டு அரசு 2022-இல் ஐபோன் விற்பனையை நிறுத்தச் சொல்லி அபராதமும் விதித்தது. இந்தோனேசியாவில், போனின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டிலிருந்தே வர வேண்டும் என்ற விதியை நிறைவு செய்யாததால் 2024 இறுதியில் ஐபோன் 16 விற்பனைக்குத் தடை வந்தது. முதலீட்டுப் பேச்சுவார்த்தை முடிந்து, 2025 ஏப்ரலில்தான் அது கடைகளுக்கு வந்தது. உலகின் மிக வலுவான பெயருக்கே இந்த நிலை என்றால், புதிதாக நுழையும் நிறுவனம் உள்ளூர்ச் சட்ட ஆலோசகரை முதல் மாதத்திலேயே அமர்த்திக்கொள்வது நல்லது.

அலைவரிசையையும் அந்த நாட்டிலேயே சோதிக்க வேண்டும். இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி சேவை தொடங்கியபோது, 5ஜி வசதியுள்ள விலையுயர்ந்த போன்கள் பலவற்றில் அது உடனே வேலை செய்யவில்லை. ஐபோன்களுக்கு டிசம்பரில் வந்த மென்பொருள் புதுப்பிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. வன்பொருள் இருந்தால் போதாது. ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பிலும் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் பெற்றாக வேண்டும். இரண்டு சிம் வசதி, உள்ளூர் எழுத்துகளில் சிக்கலில்லாத தட்டச்சு, கடும் வெயிலில் படிக்கக்கூடிய திரை ஆகியவற்றையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள். சீனாவின் டிரான்ஷன் போன் நிறுவனம் ஆப்பிரிக்காவில் காலூன்றியதற்கு, கருமையான முகங்களும் தெளிவாக விழும்படி கேமராவைச் செம்மைப்படுத்தியது ஒரு முக்கியக் காரணம். அது குறைந்த விலைப் போன்களில் நடந்தது என்றாலும், அதிக விலை கொடுப்பவர் அதைவிடக் குறைவான அக்கறைக்கு உரியவர் இல்லையே.

விலையை நிர்ணயிக்கும்போது தலைமையகத்து விலையை அன்றைய நாணய மதிப்பால் பெருக்கிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. சுங்க வரி, விற்பனை வரி, டீலரின் லாபம், நாணய மதிப்பு சரிந்தால் தாங்கும் இடைவெளி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வரிகளும் மாறிக்கொண்டே இருக்கும்: இந்தியாவில் கைப்பேசிகளுக்கான ஜிஎஸ்டி 2020 ஏப்ரலில் 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது, அடிப்படைச் சுங்க வரி 2024 ஜூலையில் 20 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. பக்கத்து நாட்டு விலைக்கும் உங்கள் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், வரி கட்டாமல் பயணப் பெட்டிகளில் வரும் போன்களே உங்கள் முதல் போட்டியாளர் ஆகிவிடும். வாரண்டி அந்த நாட்டில் வாங்கிய போனுக்கு மட்டும்தான் என்றால் அதை அறிமுகத்தின்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

விலையை அதிகமாக வைத்து, இரண்டு மாதத்தில் குறைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். முதல் ஐபோனின் விலையை 2007-இல் ஆப்பிள் அமெரிக்காவில் 599 டாலரிலிருந்து 399 ஆகக் குறைத்தபோது, முதலில் வாங்கியவர்களின் கோபத்தைத் தணிக்க ஆப்பிள் கடையில் பொருள் வாங்கிக்கொள்ள 100 டாலர் மதிப்புள்ள கூப்பன் தர வேண்டியிருந்தது. தவணை இன்னும் முடியாதவருக்கு அந்தக் கோபம் பல மடங்கு இருக்கும். டீலரிடம் தேங்கிய சரக்குக்கும் நீங்கள் இழப்பீடு தர நேரும்.

தவணைத் திட்டம்தான் இங்கே உண்மையான விலை. பெட்டியில் அச்சான தொகையைவிட மாதத் தொகையைத்தான் குடும்பத்தில் கூடிப் பேசுவார்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் வட்டியை யாரோ ஒருவர் சுமக்கிறார். அது நீங்கள் என்றால் அந்தச் செலவை விலைக்குள் முன்பே கணக்கிடுங்கள். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் ஏராளம் என்பதால், கடையிலேயே ஆவணம் சரிபார்த்துக் கடன் தரும் நிதி நிறுவனம் ஒன்றாவது உடன் இருக்க வேண்டும். பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சில் தரும் தொகை விளம்பரத்தில் ஒன்றாகவும் கடையில் வேறொன்றாகவும் இருந்தால் வாடிக்கையாளர் அவமானப்பட்டதாகவே உணர்வார்; கீறல், பேட்டரி நிலை ஆகியவற்றுக்கான கழிவை முன்கூட்டியே எழுதி வெளியிடுங்கள்.

கடைகளின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். சார்ஜ் தீர்ந்து கறுத்துக் கிடக்கும் டெமோ போனை 1,000 கடைகளில் வைப்பதைவிட, பயிற்சி பெற்ற ஒருவர் நின்று விளக்கும் 100 கடைகள் மேல். டீலருக்கு அனுப்பிய சரக்கை விற்பனையாக எண்ணாமல், வாடிக்கையாளர் கையில் ஆக்டிவேஷன் ஆன போன்களை மட்டும் வாரந்தோறும் எண்ணுங்கள்.

இவையெல்லாம் கூடிவந்த பிறகு தேதியைக் குறியுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரைத் தலைநகருக்கு வெளியே உள்ள ஒரு கடைக்கு அனுப்பி, டிஸ்பிளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தால், அரங்கத்துக்குக் கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை, தேதியைத் தள்ளிவையுங்கள்.