மார்ஷ்மெல்லோ கிண்டினால் ஆங்கிலமும் வரும்

'ஸ்டிர்' என்றாலும் 'விஸ்க்' என்றாலும் பிள்ளைகளுக்கு 'கலக்கு' என்று ஒரே அர்த்தம்தான். எழுதிப் படித்து இந்த வித்தியாசம் பிடிபடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயைச் செய்து பாருங்கள்.

கலவையை இறுக வைக்கும் ஜெலட்டின் பொடி 20 கிராமை அரை கப் குளிர்ந்த நீரில் தூவினால் 'ஸ்ப்ரிங்கிள்'. பத்து நிமிடத்தில் அது ஊறி உப்புவதுதான் 'ப்ளூம்'. பூவுக்கு மட்டும்தான் அந்தச் சொல் என்று நினைத்திருந்த என் மகள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் 400 கிராம் சர்க்கரையை அரை கப் நீரில் கரையும் வரை மெல்லக் கிளறுவது 'ஸ்டிர்'. 115 டிகிரி செல்சியஸ் வந்ததும் 'சாஃப்ட் பால்', அதாவது மென்மையான உருண்டைப் பதம். தெர்மாமீட்டர் இல்லையா? நம் அதிரசப் பாகுதான் அது; தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருட்ட வரும். கொதிக்கும் பாகைப் பெரியவர்களே ஊற்றுங்கள், சுட்டால் தோலோடு ஒட்டும்.

ஜெலட்டினையும் பாகையும் சேர்த்துப் பத்து நிமிடம் பீட்டரால் அடித்தால் கலவை வெளுத்து, காற்றேறி மூன்று மடங்காகப் பொங்கும். அது 'விஸ்க்'. இனி 'ஸ்டிர்', 'விஸ்க்' இரண்டும் குழம்பாது.

சோளமாவு தூவிய தட்டில் இரவு முழுக்க விட்டால் 'செட்' ஆகும். காலையில் துண்டு போடும்போது விரலில் ஒட்டுமே, 'ஸ்டிக்கி'! அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஜெலட்டின் அசைவம். சைவ வீடு என்றால் கடற்பாசி ஜெல்லி செய்யுங்கள். 'விஸ்க்' போய்விடும், 'செட்' மிஞ்சும்.