கையில் இருக்கும் காசுக்குக் கடலுக்கடியில் ஒரு கேமரா

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு ஸ்கூபா டைவ் கடையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. டைவ் முடிந்து படகில் ஏறியதும் தலையைத் துவட்டிக்கொண்டே ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, தண்ணிக்குள்ள போட்டோ எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்? ரொம்பச் செலவு ஆகக் கூடாது." படகு கரைக்குத் திரும்புவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு நிபந்தனை. தண்ணீருக்குள் ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் மிதந்து நிற்க வராதவர்கள் கேமராவுக்குச் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் டைவிங்கில் அட்வான்ஸ்டு கோர்ஸ் முடியுங்கள், அதில் பாயன்சி, அதாவது மிதந்து நிற்கும் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைப் பவளத்தில் ஊன்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. உடைந்த துண்டு மறுபடி அந்த அளவு வளர வருஷக்கணக்கில் ஆகும். அது போக, ஆடாமல் நிற்கத் தெரியாதவர் கையில் எத்தனை லட்சத்துக் கேமரா இருந்தாலும் படம் கலங்கித்தான் வரும்.

சரி, மிதக்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணத்தை எங்கே போடுவது?

அதற்குத் தண்ணீர் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அது முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 5 மீட்டரிலேயே சிவப்பு மங்கிவிடும், 10 மீட்டரைத் தாண்டினால் கிட்டத்தட்ட இருக்காது. அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகப் போகும். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது அதில் ஒட்டியிருக்கும் கொட்டலசு விரலைக் கீறிவிட்டால், 20 மீட்டரில் உங்கள் ரத்தம் உங்களுக்கே கரும்பச்சையாகத் தெரியும். இந்த இழப்பு ஆழத்துக்கு மட்டும் இல்லை, மீனுக்கும் கேமராவுக்கும் இடையில் இருக்கும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் களவாவை எந்தக் கேமராவில் எடுத்தாலும் நீலப் போர்வை போர்த்திய மாதிரிதான் இருக்கும். ஆகவே கிட்டே போக உதவுகிற சாமானுக்கும், வெளிச்சம் தருகிற சாமானுக்கும் செலவு செய்யுங்கள். கேமரா பாடிக்கு மிஞ்சியது போதும். 50 ஆயிரத்தையும் கேமராவில் போட்டுவிட்டு லைட் இல்லாமல் இறங்குகிறவரைவிட, 25 ஆயிரத்துக்குப் பழைய கேமராவும் மீதிக்கு ஒரு நல்ல லைட்டும் வாங்கியவரின் படம் நன்றாக வருவதை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

இனி ஒவ்வொன்றாக.

ஆக்‌ஷன் கேமரா ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். கோப்ரோ, ஹவுசிங் என்கிற தண்ணீர் புகாத உறை இல்லாமல் 10 மீட்டர் வரை தாங்கும், அதற்கென்று விற்கும் டைவ் ஹவுசிங் போட்டால் 60 மீட்டர். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 ஹவுசிங் இல்லாமலே 18 மீட்டர் தாங்கும். "அப்போ ஹவுசிங் எதுக்கு?" என்று கேட்பார்கள். இங்கே டிக்சன்ஸ் பினாக்கிள் என்ற இடத்தில் பாறையின் உச்சிக்குப் போகவே ஏறத்தாழ 18 மீட்டர் இறங்க வேண்டும். அளவைத் தாண்டினால் தண்ணீரின் அழுத்தமே பட்டனை அமுக்கி வைத்துக்கொள்ளும், அடுத்து கதவு ரப்பர் வழியாகக் கசியும். ஹவுசிங் வாங்கிவிடுங்கள். இந்தக் கேமராக்கள் வீடியோவுக்கும், மீன் கூட்டத்துக்கும், ஆமைக்கும் நல்லவை. ஓர் அடிக்குள் இருக்கும் சின்ன உயிரைக் கூர்மையாக எடுக்க இவற்றால் ஆகாது.

சிவப்பு ஃபில்டர் என்று ஒன்றைச் சேர்த்து விற்பார்கள். வெயில் நன்றாக இறங்கும் ஆழத்தில் அது பயன்படும். லைட் போட்டால் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் சிவந்துவிடும். இரவு டைவில் அதை மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது போன். போன் பெட்டியில் தண்ணீர் புகாது என்று போட்டிருப்பதை நம்பி டைவ் செய்யாதீர்கள், அது மழைக்கும் கைதவறி வாளியில் விழுவதற்கும் போதும், அவ்வளவுதான். போனுக்கென்று டைவ் ஹவுசிங்குகள் இருக்கின்றன. சீலைஃப் ஸ்போர்ட்டைவர் 40 மீட்டர் வரை போகும், உள்ளே காற்றை உறிஞ்சிக் கசிவு இருக்கிறதா என்று இறங்கும் முன்பே சொல்லிவிடும். இப்போதைய போன்களின் படம் அருமையாக வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வங்கிக் கணக்கு, ஓடிபி, ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எல்லாம் இருக்கும் போனைக் கடலுக்குள் இறக்க எனக்கு மனசு வராது. அலமாரியில் கிடக்கும் பழைய போன் அந்த ஹவுசிங்குக்குப் பொருந்துமா என்று பாருங்கள், பொருந்தினால் அதைவிட மலிவான வழி இல்லை.

என்னிடம் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் ஒலிம்பஸின் டிஜி வரிசைச் சின்னக் கேமராக்களைத்தான் சொல்வேன். ஒலிம்பஸ் டிஜி-6 வந்தது 2019-ல். அதற்கப்புறம் அந்தக் கேமராப் பிரிவு ஓஎம் சிஸ்டம் என்ற பெயருக்கு மாறியது. 2023-ல் வந்த டிஜி-7 அந்தப் பெயரில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் அதிகம் வித்தியாசம் இல்லை, டிஜி-6-க்கான பிடி-059 ஹவுசிங்கே டிஜி-7-க்கும் பொருந்தும். ஆகவே டிஜி-6 பழையதாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். வெறும் கேமரா 15 மீட்டர், ஹவுசிங்கோடு 45 மீட்டர். சாதாரண டைவர் போகிற உச்ச ஆழமே 40 மீட்டர் என்பதால் அதுவே தாராளம்.

இதை இவ்வளவு பேர் தூக்கிக்கொண்டு அலையக் காரணம் மைக்ரோஸ்கோப் மோட். லென்ஸில் இருந்து 1 சென்டிமீட்டரில் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்யும். அரிசி அளவு இருக்கும் ஓடில்லாக் கடல் நத்தை, கடல் சாமந்திக்குள் ஒளிந்திருக்கும் கண்ணாடி இறால், பேத்தை மீனின் கண்மணி எல்லாம் ஃபிரேமை நிறைத்து வரும். கிட்டே போகப் போகத் தண்ணீர் குறைகிறது அல்லவா, அதனால் கலங்கிய நாளிலும் படம் தெளிவாக இருக்கும். புதுச்சேரிப் பக்கம் டைவ் செய்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். வங்காள விரிகுடாவில் எல்லா நாளும் தெளிவு கிடைக்காது, அங்கே அகல லென்ஸ் வாங்கி என்ன செய்ய? இந்தக் கேமராவின் குறை, ஒளியை வாங்கும் சென்சார் சின்னது. வெளிச்சம் குறைந்தால் படம் மணல் மணலாக வரும். கேமரா எதையும் மாற்றாமல் அப்படியே பதிகிற ரா ஃபார்மட்டில் எடுத்து வைத்தால் வீட்டில் நிறத்தைச் சரி செய்துகொள்ளலாம், அதற்கு இலவச மென்பொருளே போதும்.

கொஞ்சம் கூட முடியும் என்றால் பழைய சோனி ஆர்எக்ஸ்100 வரிசை அல்லது கேனான் ஜி7எக்ஸ், கூடவே சீஃப்ராக்ஸ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஹவுசிங். சென்சார் ஓர் அங்குல வகை, டிஜியைவிட நன்றாகப் பெரியது. ஜி7எக்ஸுக்கு இன்ஸ்டா பிள்ளைகள் மத்தியில் திடீர் மவுசு வந்து பழசுக்கே விலை ஏறிக் கிடக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் என்று லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராக்கள் பக்கம் இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். நல்ல அலுமினிய ஹவுசிங் ஒன்றே லட்சங்களில் போகும், கேமராவை மாற்றினால் ஹவுசிங்கும் வீண். கேமரா ஹவுசிங் பெரும்பாலும் அந்த ஒரு மாடலுக்கு மட்டும்தான் என்பதை மறந்துவிட்டு, கேமராவை முதலில் வாங்கிவிட்டு ஹவுசிங்கைத் தேடி அலைபவர்கள் நிறைய. ஹவுசிங் கிடைக்கிறதா, என்ன விலை என்று பார்த்த பிறகுதான் கேமராவைத் தொட வேண்டும்.

இப்போது லைட். இதில்தான் ஆட்கள் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். ஆக்‌ஷன் கேமரா, போன் வைத்திருப்பவர்களுக்கு வீடியோ லைட், அதாவது விடாமல் எரியும் விளக்கு. டிஜி, ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்களுக்கு ஸ்ட்ரோப், அதாவது தண்ணீருக்குள் வேலை செய்யும் ஃபிளாஷ். வீடியோ லைட் வாங்கும்போது வெளிச்சத்தின் அளவான லூமன் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், மலிவு லைட்டுகளின் பெட்டியில் போட்டிருக்கும் லூமன் பாதிக்கு மேல் கற்பனை. ஒளி விரியும் கோணம் 100 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். டைவ் டார்ச் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் போட்டுவிடும், படத்துக்கு ஆகாது. ஸ்ட்ரோப் ஒன்று போதும், இரண்டு வேண்டாம். கேமராவின் ஃபிளாஷ் அடிப்பதை ஃபைபர் கேபிள் வழியாகப் பார்த்து அதுவும் அடிக்கும், மின்கம்பி இணைப்பே கிடையாது. அதனால் இனான், சீ அண்ட் சீ நிறுவனங்களின் பழைய ஸ்ட்ரோப்களை வாங்கலாம். பேட்டரி அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தகட்டில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் நடையைக் கட்டுங்கள்.

லைட்டைக் கேமராவுக்கு மேலேயே ஒட்டிவைத்தால் தண்ணீரில் மிதக்கும் தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஒரு ட்ரே, ஒரு கைப்பிடி, வளைகிற ஆர்ம் ஒன்று வாங்கி, லைட்டைப் பக்கவாட்டில் தள்ளி, லென்ஸுக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். ஒளியின் ஓரம் மட்டும் மீன் மேல் பட்டால் போதும், நடுவில் இருக்கும் தூசி இருட்டிலேயே இருக்கும்.

ஹவுசிங்கைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். மலிவு ஹவுசிங்கில் கேமராவுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பது ஓ-ரிங் என்கிற ஒரே ஒரு ரப்பர் வளையம். கோயம்புத்தூரில் இருந்து வந்த ஒரு தம்பதியின் கேமரா முதல் டைவிலேயே முங்கியது. திறந்து பார்த்தால் ஓ-ரிங் மேல் குறுக்கே ஒரு தலைமுடி. அவ்வளவு போதும்.

டைவுக்கு முதல் நாள் இரவே கேமராவை ஏசி அறையில் ஹவுசிங்கில் வைத்து மூடிவிடுங்கள். ஏசி காற்றில் ஈரம் குறைவு, அதை உள்ளே அடைத்துவிட்டால் கண்ணாடியில் பனி படியாது. கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஓ-ரிங்கை ஊசியாலோ கத்தியாலோ நெம்பக் கூடாது. இரண்டு பக்கமும் விரலால் தள்ளினால் ஓர் இடத்தில் எழும்பும், அங்கே பிடித்து எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மணலும் விரலுக்குத் தெரியும். ரிங் உட்காரும் பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடையுங்கள். கிரீஸ் கொண்டைக்கடலை அளவுகூட வேண்டாம், ரிங் மினுமினுத்தால் போதும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸையே போடுங்கள், வேறு கிரீஸ் பட்டால் சில ரப்பர்கள் ஊதிவிடும். மூடிய பிறகு சுற்றிலும் ஒரு தடவை பாருங்கள்.

புது ஹவுசிங்கை முதல் டைவில் காலியாக எடுத்துப் போக வேண்டும். உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர், மிதக்காமல் இருக்கக் கொஞ்சம் எடை. மேலே வந்து பேப்பர் காய்ந்திருந்தால் அடுத்த டைவில் கேமராவை வையுங்கள். அதையும் கையில் பிடித்துக்கொண்டு படகில் இருந்து குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கியதும் டுங்கியில், அதாவது எங்கள் படகில் இருக்கும் பையன் எடுத்துக் கொடுப்பான்.

தண்ணீருக்குள் ஹவுசிங்குக்குள்ளே துளி தெரிந்தால் லென்ஸ் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, எப்போதும் ஏறும் வேகத்திலேயே ஏறுங்கள். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வரும் சேஃப்டி ஸ்டாப்பையும் முடித்துவிட்டு வாருங்கள். கேமராவைக் காப்பாற்றப் பாய்ந்து மேலே போய் நுரையீரலைக் கிழித்துக்கொண்டால் அந்தச் செலவுக்கு முன்னால் கேமரா விலை ஒன்றுமே இல்லை. படகுக்கு வந்ததும் ஆன் ஆகிறதா என்று அமுக்கிப் பார்க்க வேண்டாம், பேட்டரியைக் கழற்றுங்கள்.

டைவ் முடிந்தால் ஹவுசிங் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும், தண்ணீருக்குள்ளேயே வைத்து எல்லாப் பட்டனையும் அமுக்கி விடுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் பட்டன் கெட்டிப்படும். எல்லாரும் மாஸ்க் அலசுகிற தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மூச்சு விடும் ரெகுலேட்டர் அதன் மேல் வந்து விழும். திறக்கும் முன் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். குனிந்து பார்க்கும்போது முடியில் இருந்து சொட்டும் தண்ணீர் நேராக உள்ளேதான் போகும்.

அப்புறம், விமானத்தில் வருகிறவர்கள் லித்தியம் பேட்டரிகளை எல்லாம் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். லைட்டின் பேட்டரியையும் கழற்றி வைப்பது நல்லது, பெட்டிக்குள் தானாக எரிந்தால் சூடாகும். ஹவுசிங் வாங்கும் அன்றே அந்த மாடலுக்கு உரிய ஓ-ரிங் இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் வந்து சேர்ந்த பிறகு தேடினால் எங்கள் கடையிலும் கிடைக்காது.