பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மல்யுத்தச் செய்திகளை வாசிப்பது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தின் தொடக்க காலத்தை ஆராய விரும்புவோருக்கு இன்று எளிதில் கிடைக்கும் சான்று அக்காலச் செய்தித்தாள்களே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்ளிங் அமெரிக்கா' தொகுப்பில் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் பெயர்பெற்ற 'நியூயார்க் கிளிப்பர்' இதழை இல்லினாய் பல்கலைக்கழகம் மின்வடிவில் தொகுத்து வைத்திருக்கிறது. ஆனால் இன்னார் இன்னாரை வீழ்த்தினார் என்ற வரியை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்தால் ஏமாந்துபோவோம். உண்மையாக மோதிய ஆட்டமும் முன்கூட்டியே பேசி முடித்த ஆட்டமும் அன்று ஒரே அரங்கில், பல வேளைகளில் ஒரே ஆட்களால் நடத்தப்பட்டன. இரண்டையும் பிரித்தறிய, ஆட்டத்தின் முடிவைவிடப் பணம் போன வழியையே முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன், எந்தப் பாணியில் மோதினார்கள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஐரிஷ் குடியேறிகளிடமிருந்து வெர்மான்ட் பகுதியில் வேரூன்றி, உள்நாட்டுப் போரின்போது படைமுகாம்களில் பரவிய 'காலர் அண்ட் எல்போ' பாணியில், ஒரு கை எதிராளியின் கழுத்துப்பட்டையையும் மறு கை முழங்கையையும் பற்றியிருக்கும். காலை வாருவதே அதன் உயிர்நாடி. 1870-களில் இதில் முன்னணியில் நின்றவர் ஜேம்ஸ் ஹிராம் மெக்லாஃப்லின். கிரேக்க-ரோமானியப் பாணியில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது. இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த 'கேட்ச்-அஸ்-கேட்ச்-கேன்' பாணியில் கால்களையும் பிடிக்கலாம், தரையிலும் தொடரலாம். ஒரு பாணியில் வெல்ல முடியாதவராக இருந்தவர் மற்றொன்றில் எளிதில் தோற்றிருக்கலாம் என்பதால், பாணி தெரியாத வெற்றிக் கணக்குக்குப் பொருளே இல்லை.

அடுத்து, ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு வெளியான இதழ்களுக்குச் சென்று ஒப்பந்த விதிகளைத் தேடுங்கள். தரப்புக்கு எத்தனை டாலர் பந்தயம், முன்பணத்தை யாரிடம் ஒப்படைத்தார்கள், நுழைவுக் கட்டண வசூலை எப்படிப் பங்கிட்டார்கள் என்பவை அங்கே அச்சாகியிருக்கும். பந்தயப் பணம் இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரிடம் இருந்து, வசூலும் வென்றவருக்கே பெரும்பகுதி போய்ச் சேருமானால், தோற்றவருக்கு உண்மையான இழப்பு இருந்தது என்று கொள்ளலாம். மாறாக, பெருந்தொகை விளம்பரத்தில் மட்டும் தோன்றி, முன்பணம் கட்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல், அதே இருவரும் அடுத்த மாதம் வேறொரு ஊரில் வெற்றியை மாற்றிக்கொண்டு மறுபடி மோதியிருந்தால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டை அன்றைய நிருபர்கள் 'ஹிப்போட்ரோம்' என்று எழுதினார்கள். வீரரின் பெயரோடு அந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் பல குற்றச்சாட்டுகள் வெளிவரும். எனினும் பந்தயத்தில் பணம் இழந்தவர்களும் அதே குற்றச்சாட்டைத்தான் கிளப்புவார்கள் என்பதால், அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஆட்டத்தின் போக்கும் சாட்சி சொல்லும். நியூயார்க் காவல்துறையில் பணியாற்றிய வில்லியம் மல்டூன், 1880-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தீபோ பாவரை வென்று கிரேக்க-ரோமானியப் பாணியின் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு அவரும் கிளாரன்ஸ் விஸ்லரும் அதே நகரில் ஏழு மணி நேரத்துக்கும் மேலாகக் கட்டிப் புரண்டும் முடிவு கிடைக்கவில்லை. காசு கொடுத்து வந்த கூட்டத்தை மகிழ்விக்க இப்படியோர் இரவை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கால்களைத் தொடக் கூடாத பாணியில் சமபலமுள்ள இருவர் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் நீளும்.

பயிற்சிக்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 1886-இல் சிகாகோவில், விஸ்கான்சினைச் சேர்ந்த இவான் லூயிஸ், ஜப்பானிலிருந்து வந்த சோராகிச்சி மட்சுடாவுடன் மோதி அவருடைய காலைக் காயப்படுத்தினார். கழுத்தை நெரிக்கும் பிடியால் 'ஸ்ட்ராங்ளர்' என்று பெயர் பெற்ற லூயிஸ் மீது மக்களுக்குக் கோபம் மூண்டது. இச்செய்தியைத் தேடும்போது மட்சுடாவின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். அன்றைய அச்சில் முன்பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியும், 'மட்சடா' என்று திரிந்தும் காணப்படும். மங்கிய அச்சைக் கணினி தவறாக வாசித்திருக்கவும் கூடும். எனவே ஊரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடி, பக்கத்தின் படத்தையே திறந்து கண்ணால் படியுங்கள். சிகாகோ இதழின் நீண்ட வர்ணனையை, தொலைதூர ஊர்களில் தந்திவழி வந்து அச்சான நான்கு வரிகளோடு ஒப்பிட்டால், எது நேரில் கண்டது, எது ஊதிப் பெருக்கியது என்று பிடிபடும்.

'நேஷனல் போலீஸ் கெசட்' இதழைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டும். அதன் உரிமையாளர் ரிச்சர்ட் கே. ஃபாக்ஸ் சாம்பியன் பட்டைகளைத் தாமே வழங்கியவர், பந்தயங்களை ஊக்குவித்தவர். ஆட்டம் பெரிதாகப் பேசப்பட்டால் அவருடைய இதழும் விற்கும். அதன் படங்களும் சவால் கடிதங்களும் அருமையான சான்றுகள். யார் உலகச் சாம்பியன் என்ற தீர்ப்பை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

பட்டங்களின் வரிசையை அமைக்க 1893-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே வசதியானது. அந்த ஆண்டு மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் லூயிஸும் எர்னஸ்ட் ரோபரும் கிரேக்க-ரோமானியம், கேட்ச்-அஸ்-கேட்ச்-கேன் ஆகிய இரு பாணிகளையும் கலந்து ஐந்து சுற்றுகள் மோதினர். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் லூயிஸ் வென்று அமெரிக்கச் சாம்பியன் எனப்பட்டார். 1895-இல் அயோவாவின் மார்ட்டின் 'ஃபார்மர்' பர்ன்ஸ் அவரை வீழ்த்தினார். 1897-இல் பட்டம் டான் மெக்லியோடிடம் போனது. 1893-க்கு முன்னால் போகும்போது ஒரே வரிசையைத் தேடாமல், பாணிக்கு ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பட்டத்தை அவருக்குச் சூட்டிய இதழின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.